அசுரனின் எலும்பும் கல்லான மரமும்

ஆஸ்திரியாவின் தென்பகுதியில் கிளாகன்ஃபுர்ட் என்றொரு நகரம் இருக்கிறது. அதன் நடுச் சதுக்கத்தில், இறக்கை விரித்து வாலைச் சுருட்டி நிற்கும் ஒரு கல் டிராகன் வாயிலிருந்து நீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் உல்ரிச் ஃபோகல்சாங் என்ற சிற்பி செதுக்கியது அது. அந்த ஊர் எழுந்த கதையே டிராகனின் கதைதான். முன்னொரு காலத்தில் அங்கே சதுப்பு நிலம். அதில் ஒரு பெரும் பிராணி ஒளிந்திருந்து மாடுகளையும் மனிதர்களையும் இழுத்து விழுங்கியது. முள்கொக்கி மாட்டிய ஒரு காளையைச் சங்கிலியில் கட்டிவிட்டு, அதையே தூண்டில் இரையாக்கிப் பிராணியைப் பிடித்துக் கொன்றார்கள். அதன்பின்தான் அங்கே மனிதர் குடியேற முடிந்தது என்கிறது கதை.

கதைக்குச் சாட்சியும் இருந்தது. 1335ஆம் ஆண்டில் ஊருக்கு அருகே ஒரு சரளைக் குழியில் பெரிய மண்டையோடு ஒன்று கிடைத்தது. கொல்லப்பட்ட டிராகனின் தலை என்று அதை நகர மண்டபத்தில் வைத்துப் பாதுகாத்தார்கள். ஃபோகல்சாங் சிலையின் தலையைச் செதுக்கியதும் அந்த மண்டையோட்டை மாதிரியாக வைத்துத்தான். 1840இல் ஃபிரான்ஸ் உங்கர் என்ற இயற்கை அறிஞர் அதை ஆராய்ந்து, பனியுகத்தில் வாழ்ந்து அழிந்த கம்பளிக் காண்டாமிருகத்தின் மண்டையோடு என்று கண்டுபிடித்தார். மறைந்துபோன ஒரு விலங்கின் எலும்பைப் பார்த்து அதற்கு உருவம் கொடுக்க மனிதர் செய்த மிகப் பழைய முயற்சிகளில் ஒன்றாக அந்தச் சிலையை இன்று தொல்லுயிரியலாளர்கள் மதிக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எலும்பைப் பார்த்துத்தான் டிராகன் கதை பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. டிராகன் கதைகள் ஐரோப்பா முழுவதும் முன்பே உலவின. கிளாகன்ஃபுர்ட்டில் உறுதியாகத் தெரிவது இவ்வளவுதான்: கைக்குக் கிடைத்த எலும்பை மக்கள் தங்களுக்குத் தெரிந்த கதையோடு சேர்த்தார்கள், பிறகு அந்த எலும்பே கதைக்கு முகம் கொடுத்தது. புராண விலங்குகளின் மூலத்தைத் தேடும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. எலும்பு, கதை, இரண்டையும் இணைத்துப் பேசிய மனிதரின் வாக்கு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கிடைத்தால் நம்பலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது ஊகம்.

மிக அழகான ஊகம் ஒற்றைக்கண் அரக்கனைப் பற்றியது. கிரேக்கக் காவியமான ஒடிசியில் குகையில் வாழ்ந்து மனிதரைத் தின்னும் சைக்ளோப்ஸ் வருகிறான். நெற்றி நடுவே அவனுக்கு ஒரே கண். 1914இல் ஆஸ்திரியத் தொல்லுயிரியலாளர் ஓத்தேனியோ ஆபெல் ஒரு விளக்கம் சொன்னார். சிசிலித் தீவின் குகைகளில் குட்டை யானைகளின் எலும்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. தீவில் உணவு குறைவு. பெரிய கொன்றுண்ணிகளும் இல்லை. ஆகவே தலைமுறை தலைமுறையாக உடல் சிறுத்து, கடைசியில் வளர்ந்த யானையே ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. யானையின் மண்டையோட்டில் தும்பிக்கை தொடங்கும் இடத்தில், முகத்தின் நடுவே, பெரியதொரு துளை உண்டு. கண்குழிகளோ பக்கவாட்டில் ஒதுங்கி, சட்டென்று கண்ணில் படாமல் இருக்கும். உயிருள்ள யானையையே பார்த்திராத ஒரு மாலுமி குகையில் அந்த மண்டையோட்டைக் கண்டால் என்ன நினைத்திருப்பான்? நடுநெற்றியில் கண் உள்ள அரக்கன் என்றுதானே!

படிக்கும்போதே மனம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தக் குகையில் அந்த மண்டையோட்டைப் பார்த்து 'இதுதான் சைக்ளோப்ஸ்' என்று சொன்ன ஒரு பழங்கால கிரேக்கரின் வாக்கு கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஒடிசி அந்த அரக்கனின் ஊர் சிசிலி என்று சொல்லவும் இல்லை. அந்தத் தொடர்பு பின்னால் வந்தது. இன்னொரு பழைய கிரேக்கக் கவிஞரான ஹெசியோடின் சைக்ளோப்ஸ்கள் இடியையும் மின்னலையும் வார்த்துத் தரும் கொல்லர்கள். குகைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. எலும்பு இருக்கிறது, கதை இருக்கிறது, இணைக்கும் வாக்கு இல்லை.

கிரேக்கர்கள் பெரிய எலும்புகளைக் கண்டதே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. கண்டார்கள், எழுதியும் வைத்தார்கள். தெகேயா என்ற ஊரில் கிணறு வெட்டிய ஒரு கொல்லன் ஏழு முழ நீளமுள்ள சவப்பெட்டியையும் அதே அளவு எலும்புக்கூட்டையும் கண்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அது மாவீரன் ஒரெஸ்டிஸின் எலும்பு என்று நம்பி ஸ்பார்ட்டா நாட்டார் தங்கள் ஊருக்கு எடுத்துப்போனார்கள். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காப்ரித் தீவில் இருந்த தம் மாளிகையில் 'அரக்கர்களின் எலும்பு' என்று மக்கள் அழைத்த பெரும் எலும்புகளைச் சேர்த்து வைத்திருந்ததை வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் குறிப்பிடுகிறார்.

சாமோஸ் தீவின் கதை இன்னும் உறுதியானது. அங்கே செம்மண் பூமியில் பெரிய எலும்புகள் மண்டிக் கிடந்த ஓர் இடத்துக்கு 'இரத்தம் தோய்ந்த களம்' என்ற பொருளில் பெயர் இருந்தது. தியோனிசஸ் தெய்வம் அமேசான் என்ற போர்ப் பெண்களோடு போரிட்ட இடம் அது என்று பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். சிவந்த மண் சிந்திய குருதி, எலும்புகள் மாண்டவர்களுடையவை. அதே சாமோஸில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோண்டியபோது ஒட்டகச்சிவிங்கியின் உறவான ஒரு பழைய விலங்கின் எச்சங்கள் கிடைத்தன. தீவின் பெயரால் அதற்கு சாமோத்தேரியம் என்று பெயர் வைத்தார்கள். எலும்பும் மண்ணும் மக்கள் சொன்ன கதையும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன.

அமெரிக்க ஆய்வாளர் அட்ரியன் மேயர் இப்படிப்பட்ட பழங்காலக் குறிப்புகளை எல்லாம் தேடித் தொகுத்து 2000ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். பழைய மனிதர்களை மூடநம்பிக்கையாளர்கள் என்று ஒதுக்கிய கல்வியுலகை, அவர்கள் கூர்ந்து பார்த்தவர்கள் என்று ஏற்கவைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய புகழ்பெற்ற கருத்து கிரிஃபின் பற்றியது.

கிரிஃபின் என்பது கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட நாற்கால் விலங்கு. மத்திய ஆசியாவின் தொலைவில் தங்கத்தைக் காவல் காக்கிறது என்பது கிரேக்கர் கேட்ட செய்தி. கோபி பாலைவனத்திலோ புரோட்டோசெரடாப்ஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. 1920களில் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் குழு மங்கோலியாவின் செங்குன்றுகளில் அவற்றைக் கண்டெடுத்தது. கிளியின் அலகு போன்ற வாய், நான்கு கால், ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள உடல், கழுத்தின் பின்னே எலும்பு விசிறி. தங்கம் தேடி அந்தப் பக்கம் போன ஸ்கித்திய நாடோடிகள் இவற்றைப் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் சொன்ன சேதிதான் கிரேக்கம் வரை போயிற்று என்றார் மேயர். அருங்காட்சியகங்களும் ஆவணப்படங்களும் இந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டுபோயின.

2024இல் பிரிட்டனின் மார்க் விட்டனும் ரிச்சர்ட் ஹிங்கும் இதை மறுத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புரோட்டோசெரடாப்ஸ் எலும்புகள் கிடைக்கும் இடங்களுக்கும் பழங்காலத் தங்கச் சுரங்கங்களுக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் தொலைவு. பாறையில் புதைந்த எலும்புக்கூட்டில் போகிறவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு சிறு பகுதிதான்; முழு விலங்காகத் தெரிய வேண்டுமானால் பொறுமையாகச் செதுக்கி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிரேக்கர் ஸ்கித்தியரைச் சந்திப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எகிப்திலும் மேற்காசியாவிலும் கிரிஃபின் உருவங்கள் வரையப்பட்டிருக்கின்றன. கழுகையும் சிங்கத்தையும் கண்ணால் கண்ட கலைஞன் இரண்டையும் இணைக்க டைனோசர் எதற்கு என்பது அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்வி நியாயமானது என்பதை நம் கோயில் மண்டபத்தில் யாளித் தூணுக்கு முன் நின்ற எவரும் உணர்வார்கள். சிங்க உடலும் யானைத் துதிக்கையும் சேர்ந்த அந்த வடிவம் சிற்பியின் கற்பனையிலும் கைத்திறனிலும் பிறந்தது. அதற்கொரு எலும்புக்கூட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது சிற்பிக்குச் செய்யும் அநீதி. எல்லாப் புராண விலங்குக்கும் ஒரு புதைபடிவம் உண்டு என்று தேடக் கிளம்பினால், மனிதரால் தானாக எதையும் கற்பனை செய்ய முடியாது என்று சொல்வதாகிவிடும்.

சீனாவில் கதை வேறு வழியில் போகிறது. அங்கே 'டிராகன் எலும்பு' என்பது நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. பூமியிலிருந்து தோண்டிய எலும்பையும் பல்லையும் பொடித்து மருந்தாகக் கொடுத்தார்கள். ஐரோப்பிய அறிஞர்கள் புதைபடிவம் தேடி முதலில் போனது மலைக்கல்ல, இந்தக் கடைகளுக்குத்தான். 1903இல் மியூனிக் நகரத்து மாக்ஸ் ஷ்லோசர் விவரித்த சீனப் பாலூட்டிகளின் எச்சங்கள் பலவும் மருந்துக் கடைகளில் வாங்கியவை. 1935இல் ஃபொன் கோனிக்ஸ்வால்ட் என்ற தொல்லுயிரியலாளர் ஹாங்காங் கடை ஒன்றில் ஒரு பெரிய கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். உலகில் வாழ்ந்தவற்றிலேயே மிகப் பெரிய குரங்கினமான ஜைகாண்டோபிதிகஸ் அப்படித்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. பெய்ஜிங் மனிதனின் மண்டையோடு 1929இல் கிடைத்த குன்றின் பெயரே 'டிராகன் எலும்புக் குன்று'. ஆனால் இந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலையும் பெரிது. எத்தனை எலும்புகள் யாரும் பார்க்கும் முன்பே உரலில் இடிபட்டுப் போயின என்று கணக்கிட வழியில்லை. 2007இல் கூட ஹெனான் மாநிலக் கிராமத்தார் டைனோசர் எலும்பை டிராகன் எலும்பு என்று கருதிச் சூப்பில் கொதிக்கவைத்து அருந்தி வந்தது செய்தியாயிற்று.

இந்தியாவிலும் எலும்பும் புராணமும் சந்தித்த இடங்கள் உண்டு. இமயமலையின் அடிவாரத்தில் ஓடும் சிவாலிக் குன்றுகள் பழைய பாலூட்டிகளின் பெரும் புதையல். 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் ஆட்கள் அந்தப் பகுதியில் கால்வாய் வெட்டியபோது யானைகளின் எலும்புகளும் அரக்க மனிதரின் எலும்புகளும் கிடைத்ததாக ஃபெரிஷ்தாவின் வரலாறு சொல்கிறது. 1830களில் சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ஹியூ ஃபால்கனரும் கால்வாய்ப் பொறியாளர் புரோபி காட்லியும் அங்கே தோண்டினார்கள். ஒட்டகச்சிவிங்கியின் உறவான பெரிய விலங்கு ஒன்று கிடைத்தது. 1836இல் சிவனின் பெயரால் சிவத்தேரியம் என்று அழைத்தார்கள். நீண்ட தந்தங்கள் கொண்ட ஒரு பழைய யானையினத்துக்குக் கணேசரின் பெயர் கிடைத்தது. அறிவியலே புராணத்திலிருந்து பெயர் வாங்கிக்கொண்ட காலம் அது. சிசிலி வட்டாரத்தின் குட்டை யானை இனம் ஒன்றுக்குப் பிறகு வைக்கப்பட்ட பெயரும் இதே ஃபால்கனரின் பெயர்தான்.

அவர்கள் எடுத்தவற்றில் ஒரு மாபெரும் நில ஆமையும் இருந்தது. ஃபால்கனருக்கு உடனே நினைவுக்கு வந்தது உலகைத் தாங்கும் ஆமையும், யானையையும் ஆமையையும் நகங்களில் பற்றிப் பறக்கும் கருடனும். மனிதரும் இந்த ஆமையும் ஒரே காலத்தில் வாழ்ந்திருப்பார்களோ, அந்த நினைவுதான் கதையாயிற்றோ என்று அவர் யோசித்தார். துணிச்சலான யோசனை. ஆனால் ஆற்றோரத்தில் சாதாரண ஆமையை நாளும் பார்க்கும் ஒரு சமூகம் பொறுமையும் வலுவும் கொண்ட அதன் ஓட்டின் மேல் உலகை ஏற்றிப் பார்க்க எலும்பு எதுவும் தேவையில்லை. சிவாலிக் எலும்புகளைப் பார்த்த வியப்பு குருக்ஷேத்திரப் போர் பற்றிய மரபுகளில் கலந்திருக்கலாம் என்று 2008இல் அலெக்ஸாண்ட்ரா ஃபான் டெர் கேர் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் எழுதினார்கள். சாமோஸின் இரத்தக் களத்தோடு ஒப்பிட்டால் இது நடந்திருக்கக் கூடியது என்றே தோன்றுகிறது. ஆனால் சாமோஸுக்குக் கிடைத்த புளூட்டார்க்கின் வாக்கு போல் ஒன்று இங்கே இன்னும் தேவை.

சாளக்கிராமத்தில் அந்தக் குறை இல்லை. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் உருண்டு வரும் கருங்கற்களுக்குள் இருப்பது அம்மோனைட் என்ற கடல் உயிரின் சுருள் ஓடு. டைனோசர்களோடு சேர்ந்து வாழ்ந்து அவற்றோடு சேர்ந்தே மறைந்த கணவாய் இனத்து உறவு அது. இமயம் எழுவதற்கு முன் அங்கே கடல் இருந்ததற்கு அந்தக் கற்கள் சான்று. வைணவர்களுக்கோ அந்தச் சுருள் திருமாலின் சக்கரம். ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசங்களில் சாளக்கிராமமும் ஒன்று. இதே அம்மோனைட்டை இங்கிலாந்தின் விட்பி ஊரார், புனித ஹில்டா கல்லாக்கிவிட்ட பாம்புகள் என்றார்கள். தலையில்லாத குறை தெரியாமலிருக்க வியாபாரிகள் பாம்புத் தலை செதுக்கி விற்றார்கள். ஒரே எச்சம் இரண்டு மண்ணில் இரண்டு பொருள் பெற்றது.

உயிருள்ள விலங்குகள் தந்த கதைகளை விளக்குவது இதைவிட எளிது. ஐரோப்பியப் பிரபுக்கள் விஷத்தை முறிக்கும் என்று நம்பிப் பெரும் விலை கொடுத்து வாங்கிய ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பு, வட துருவக் கடலில் வாழும் நார்வால் என்ற திமிங்கிலத்தின் முறுக்கிய நீண்ட பல். 1638இல் டென்மார்க்கின் ஓலே வோர்ம் அதைத் தெளிவாக விளக்கிய பிறகும், அதே நாட்டு மன்னர்கள் அந்தப் பற்களைக் கொண்டு சிம்மாசனம் செய்துகொண்டார்கள். கப்பலை இழுத்து மூழ்கடிக்கும் கிராக்கன் என்று நார்வே மாலுமிகள் அஞ்சியதற்குப் பின்னால் ஆழ்கடலின் ராட்சதக் கணவாய் இருக்கிறது. 1857இல் ஜாபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் என்ற விலங்கியலாளர் அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். உயிரோடு கடலுக்குள் அதைப் படம் பிடிக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1493 ஜனவரியில் கொலம்பஸ் மூன்று கடல்கன்னிகளைக் கண்டதாகவும், ஓவியத்தில் காட்டுவது போல் அவர்கள் அழகாக இல்லை என்றும் குறித்திருக்கிறார். அவர் பார்த்தவை பெரும்பாலும் கடல் பசுவின் நெருங்கிய உறவான மானட்டிகள். நம் பாக் விரிகுடாவில் ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடல் பசுவைக் காக்க 2022இல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

இனி எலும்பு, கதை, வாக்கு மூன்றும் நம் வீட்டு வாசலிலேயே கூடிக் கிடக்கும் ஊர். விழுப்புரம் மாவட்டத்தில் புதுச்சேரியை அடுத்த திருவக்கரை. வக்கிரகாளியம்மன் சந்நிதியால் பெயர் பெற்ற சந்திரமௌலீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. தவம் செய்து வரம் வாங்கிய வக்கிராசுரன் எல்லோரையும் துன்புறுத்த, திருமால் சக்கரத்தால் அவனை அழித்தார். அவன் தங்கை துன்முகியைக் காளி அழித்தாள் என்பது தலபுராணம். ஊரைச் சுற்றிச் செம்மண் மேட்டில் உருண்டு திரண்டு நீண்டு கிடக்கும் கற்கள் அந்த அசுரனின் எலும்புகள் என்பது காலங்காலமாக ஊரார் சொல்லி வருவது.

அவை மரங்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலுக்குள் புதைந்தவை. காற்றுப் புகாத மண்ணில் மரம் மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா நார் நாராக மரத்துக்குள் ஊறி, மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. வெட்டுமுகத்தில் வளையங்களும் நார்களும் இன்றும் தெரிகின்றன. கிளையோ இலையோ வேரோ ஒட்டியிருப்பதில்லை. வெள்ளம் உருட்டி வந்ததில் அவை உதிர்ந்துபோயின. ஊரார் இவற்றை எலும்பு என்று பார்த்ததற்குக் காரணமே அதுதான். கிளையில்லாத, உருண்ட, இரும்பு போல் கனக்கும் நீண்ட தண்டுகள் ஒரு பெரிய உடலின் தொடை எலும்பாகத் தெரிந்ததில் வியப்பில்லை. மரம் என்று அவர்கள் சொல்லாவிட்டாலும், ஒரு காலத்தில் உயிரோடு இருந்து பின்னர் கல்லான ஒன்று என்பதைச் சரியாகவே கண்டுகொண்டார்கள். ஐரோப்பியரில் பிரெஞ்சு இயற்கை அறிஞர் சொன்னரா 1781இல் இந்தக் கற்களைப் பற்றி முதலில் எழுதினார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் அது தேசிய கல்மரப் பூங்கா.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் இதைவிடப் பல மடங்கு பழமையான கல்மரம் ஒன்று 18 மீட்டருக்கு மேல் நீளமாகக் கிடக்கிறது, புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைக் கண்டறிந்தார். அரியலூர், பெரம்பலூர் பகுதி டைனோசர் காலத்தில் கடலாக இருந்த நிலம். சிப்பி, நத்தை, அம்மோனைட், சுறாப்பல் என்று அந்த மண்ணில் கிடைப்பவை ஏராளம். 2020 அக்டோபரில் குன்னம் அருகே குளத்தில் மண் எடுத்தபோது உருண்டையான பெரிய கற்கள் வெளிப்பட, டைனோசர் முட்டை என்ற செய்தி ஒரே நாளில் கைப்பேசிகளில் பரவியது. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல் உருண்டைகள் என்றார்கள். புரியாத உருவத்தைத் தெரிந்த பெரிய விலங்கோடு இணைக்கும் மனம் அன்றும் இன்றும் ஒன்றே. அன்று அசுரன், இன்று டைனோசர்.

அதே மண்ணில் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. எச்சங்கள் உடைந்து சிமென்ட் ஆலைக்குப் போகின்றன. மீதியில் கொஞ்சம் சேகரிப்பவர்களின் பைக்குப் போகிறது. கூடவே அவற்றைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவந்த கதைகளும் யாரும் எழுதிவைக்காமலே மறைகின்றன. சைக்ளோப்ஸுக்குக் கிடைக்காமல் போன அந்த ஒரு வாக்கு நமக்கு இன்னும் கிடைக்கக்கூடிய நிலையில் இருக்கிறது. ஆகவே வயலிலோ ஓடையிலோ குளத்திலோ விசித்திரமான கல் ஒன்றைக் கண்டால் உடைக்காதீர்கள், பெயர்த்து எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துப் படம் எடுத்து, புவியியல் ஆய்வுத் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ தெரிவியுங்கள். அந்தக் கல்லை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள், அதற்கு என்ன கதை சொல்கிறார்கள் என்று ஊர்ப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதியும் கொடுங்கள்.